மேடை வெளிச்சமும் ஸ்லைடு ஃபிலிமும்: முகத்துக்கு மட்டும் எக்ஸ்போஷர்

மேடையில் நான் எடுத்த முதல் ஸ்லைடு ரோலில் 36 படம். லேபிலிருந்து வாங்கி வந்து, லைட் டேபிளில் விரித்து, லூப்பை (சிறு பூதக்கண்ணாடி) வைத்துக் குனிந்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த இடத்தில் ஃபிலிம் கண்ணாடிபோலத் தெளிந்துபோய், லைட் டேபிளின் வெள்ளை நேராகத் தெரிந்தது. மூக்கும் கன்னமும் காணாமல்போய், கண் மையும் உதட்டுச் சாயமும் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. பின்னால் தொங்கிய கறுப்புத் திரையோ பிரமாதமாகப் பதிந்திருந்தது. அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கேமராவின் மீட்டர் சொன்னபடிதான் எடுத்தேன். மீட்டரும் பொய் சொல்லவில்லை. ஃபிரேமில் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டிருந்த திரையை எப்படி எடுப்பது என்று நான் கேட்டிருக்கிறேன், அதற்கு அது ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது.

நெகட்டிவில் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியாது. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது, அல்லது பாதியாவது. நெகட்டிவில் ஒன்றிரண்டு ஸ்டாப் கூடிப்போனாலும் பிரிண்ட் போடுகிறவர் சரிக்கட்டிவிடுவார். ஸ்லைடில் சரிக்கட்ட ஆள் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே துண்டுதான் டெவலப் ஆகி, மவுண்டுக்குள் உட்கார்ந்து, புரொஜெக்டருக்குள் போகிறது. அரை ஸ்டாப் பிசகினால் கண்ணுக்குத் தெரியும். ஒரு ஸ்டாப் கூடினால் படம் போச்சு. அது தாங்கும் வெளிச்ச வித்தியாசமே மொத்தம் ஐந்து ஸ்டாப் அளவுதான். மேடையிலோ, ஸ்பாட் விழும் நெற்றிக்கும் ஓரத்தில் நிற்பவரின் முழங்கைக்கும் இடையில் ஏழெட்டு ஸ்டாப் சாதாரணம். எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். நான் நிழலை விடுகிறேன். மூலை கறுத்துவிட்டதே என்று இதுவரை யாரும் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டதில்லை. முகம் வெளுத்துப்போன படத்தை மட்டும் ஒருவரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

கீழே வருவதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து கிளம்பியவைதான்.

ஃபிலிமுக்கு முன்னால் விளக்கு

எந்த ஃபிலிம் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முகத்தில் விழுவது எந்த விளக்கு? மேடை முழுக்க என்னென்ன விளக்கு இருக்கிறது என்ற கணக்கு வேண்டாம். முகத்தில் விழுவது மட்டும்.

பழைய முறை ஹாலஜன் மேடை விளக்கு முழு வெளிச்சத்தில் 3200 கெல்வின். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். டங்ஸ்டன் ஸ்லைடு ஃபிலிம் இந்த விளக்குக்காகவே செய்யப்பட்டது. டேலைட் ஃபிலிமோ 5500 கெல்வினுக்கு. டேலைட் ஃபிலிமை ஹாலஜன் விளக்கில் அப்படியே ஓட்டினால் எல்லாம் ஆரஞ்சு. நம் கண் ஐந்து நிமிடத்தில் சமாளித்துக்கொண்டு "வெள்ளை விளக்குதானே" என்று சொல்லிவிடும், ஃபிலிம் சமாளிக்காது.

80ஏ என்ற நீல ஃபில்டர் போட்டால் டேலைட் ஃபிலிமும் சரியான நிறம் தரும். ஆனால் அது இரண்டு ஸ்டாப் தின்றுவிடும். 400 வேக (ஐஎஸ்ஓ) ஃபிலிம் கைக்கு வரும்போது 100 ஆகிவிடுகிறது. கோடாக்கின் டங்ஸ்டன் ஸ்லைடு ஃபிலிம்களான எக்டாகுரோம் 160டியும் 320டியும் கிடைத்த காலத்தில் மேடைக்காரர்கள் அவற்றையே பிடித்துக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் இதுதான். 320டி முழுசாக 320 தரும். 400 டேலைட் ஃபிலிமோடு ஃபில்டரைச் சேர்த்தால் கிடைப்பது அதைவிட ஒன்றே முக்கால் ஸ்டாப் குறைவு. 3எம் நிறுவனத்தின் ஸ்காட்ச்குரோம் 640டி என்று ஒன்றும் இருந்தது. கிரெய்ன், அதாவது படத்தில் தெரியும் பொடிப்புள்ளி, மணலைத் தூவியதுபோல இருக்கும். ஆனாலும் இசை நிகழ்ச்சிக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றும். புகையும் வியர்வையுமாக இருக்கும் மேடைக்கு அந்த மணல் ஒரு கெடுதலும் செய்வதில்லை. நடனத்துக்கு நான் அதைத் தொட்டதே இல்லை. துணியின் மடிப்பும் விரல் நுனியும் கரைந்துபோகும்.

இப்போது டங்ஸ்டன் ஸ்லைடு ஃபிலிம் யாரும் தயாரிப்பதில்லை. கோடாக்குரோம் 2009இல் நின்றது. எக்டாகுரோம் வரிசையே 2012இல் நின்று, 2018இல் இ100 என்ற ஒரே உருவில் திரும்பி வந்தது. அது டேலைட் ஃபிலிம். ஃபியூஜியின் புரோவியா 100எஃப்பும் டேலைட் ஃபிலிம்தான். ஆகவே இன்று ஸ்லைடில் மேடையை எடுக்க வருகிறவருக்குத் தேர்வு சுருக்கம்: 100 வேகத்தில் ஒரு டேலைட் ஃபிலிம், அதைப் புஷ் செய்வது (கீழே விளக்குகிறேன்), நிறத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. காலாவதியான 320டி யாரிடமாவது ஃப்ரீசரில் கிடக்கும். கிடைத்தால் வாங்கலாம். ஆனால் ஒரு ரோலையாவது சோதித்துப் பார்க்காமல் முக்கியமான நிகழ்ச்சிக்கு எடுத்துப் போகாதீர்கள். பழசான ஸ்லைடு ஃபிலிமில் கறுப்பு நீர்த்துப்போகும், நிறம் ஒரு பக்கமாகச் சாயும். "பழைய ஃபிலிமா, ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடு" என்ற நெகட்டிவ் பழக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது.

ஃபியூஜியின் இன்னொரு ஸ்லைடு ஃபிலிமான வெல்வியா வேண்டாம். காடு மலைக்கு அதை மிஞ்ச முடியாது. மேடையில் கான்ட்ராஸ்டும் சிவப்பும் ஏறிப்போய், சாயம் பூசிய முகம் காய்ச்சல்காரர் முகம்போல வரும்.

விட்டுக்கொடுப்பது என்று சொன்னேனே, அதற்கு 82 வரிசை வெளிர்நீல ஃபில்டர்கள் உதவும். 82ஏ மூன்றில் ஒரு ஸ்டாப்பும், 82சி மூன்றில் இரண்டு ஸ்டாப்பும் எடுத்துக்கொள்ளும். முழுத் திருத்தம் கிடைக்காது, ஆரஞ்சு தணியும். எனக்கு இது போதும். மேடை வெளிச்சம் சற்று மஞ்சளாக இருந்தால் பார்ப்பவர்கள் அதை மேடையின் நிறமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்கேன் செய்து நிறத்தை மாற்றப்போகிறவர்களுக்குக்கூட இந்த அரைத் திருத்தம் பயன்படும். ஃபில்டரே இல்லாமல் எடுத்தால் நீல அடுக்கில் பதிவு மிகக் குறைவாக இருக்கும். பிறகு இழுத்தால் நீலத்தில் கிரெய்ன்தான் வரும்.

டிம்மரையும் கணக்கில் வையுங்கள். ஹாலஜன் விளக்கை மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு இறக்கினால் அது 3200 கெல்வினில் நிற்காது, 2750 பக்கம் போய்விடும். மெதுவாக மங்கும் காட்சியில் டங்ஸ்டன் ஃபிலிம்கூட மஞ்சளடிப்பது இதனால்தான். இதைத் திருத்த நான் முயன்றதில்லை. மங்கும் காட்சி மஞ்சளாகத்தான் இருக்கட்டுமே.

இப்போது எதிர்ப்பக்கம். பின்னாலிருந்து ஒருவர் ஆளைத் துரத்தித் துரத்தி அடிக்கும் ஃபாலோ ஸ்பாட் பெரும்பாலும் செனான் அல்லது ஹெச்எம்ஐ விளக்கு. அது பகல் வெளிச்சத்தின் நிறம், 5600 கெல்வினும் அதற்கு மேலும். டங்ஸ்டன் ஃபிலிமில் இது பனிக்கட்டிபோல நீலமாக விழும். பாடகர் நிகழ்ச்சி முழுவதும் ஃபாலோ ஸ்பாட்டிலேயே நிற்கப்போகிறார் என்றால் டேலைட் ஃபிலிமை ஃபில்டர் இல்லாமல் போடுங்கள். முகம் சரியாக வரும். பின்னால் இருப்பவர்கள் ஆரஞ்சாக வருவார்கள், அது அழகாகவே இருக்கும். ஸ்பாட்டில் மஞ்சள் ஜெல் (நிறத் தாள்) செருகியிருக்கிறார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். செருகியிருந்தால் கணக்கு மாறிவிடும்.

எல்இடி மேடையில் இன்னொரு தொல்லை. அடர்நீலம், அடர்சிவப்பு என்று ஒற்றை நிறத்தில் மேடையைக் கழுவிவிடுவார்கள். ஸ்லைடு ஃபிலிமின் மூன்று நிற அடுக்குகளில் ஒன்று மட்டும் அப்போது வேலை செய்கிறது, மற்ற இரண்டும் சும்மா இருக்கின்றன. முகத்தின் மேடுபள்ளம் போய், நீலத்தில் வெட்டிய காகித உருவம்போல ஒன்று கிடைக்கும். எக்ஸ்போஷரை எவ்வளவு மாற்றினாலும் இது சரியாகாது. கையைக் கட்டிக்கொண்டு வெள்ளை விளக்கு வரும்வரை காத்திருங்கள். மலிவான எல்இடி விளக்குகள் டிம் ஆகும்போது கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். ஷட்டர் 1/250, 1/500 நொடி என்று போனால் படத்தில் பட்டை பட்டையாக விழலாம். அங்கே 1/60க்கும் 1/125க்கும் நடுவிலேயே நிற்பது நல்லது.

புஷ் செய்வது பற்றி

100 ஃபிலிமை 200 என்றோ 400 என்றோ நினைத்துக்கொண்டு எடுத்துவிட்டு, டெவலப் செய்யும்போது முதல் டெவலப்பரில் நேரத்தைக் கூட்டுவதுதான் புஷ். ஸ்லைடு ஃபிலிமை டெவலப் செய்யும் இ-6 முறையில் முதல் டெவலப்பர் 38 டிகிரி செல்சியஸில் 6 நிமிடம். ஒரு ஸ்டாப் புஷ்ஷுக்குச் சுமார் 2 நிமிடம் கூடும்; இரண்டு ஸ்டாப்புக்குச் சுமார் 5 நிமிடம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் எங்கே நிறுத்துவது என்பதும் புரியும். முதல் டெவலப்பர் ஃபிலிமில் ஒரு நெகட்டிவ் உருவத்தை உண்டாக்குகிறது. அதில் மாட்டாமல் மிஞ்சிய வெள்ளி உப்புதான் பிறகு நிறமாகி நாம் பார்க்கும் படமாகிறது. நேரத்தைக் கூட்டினால் முதல் டெவலப்பர் அதிகம் சாப்பிடும், மிச்சம் குறையும், படம் வெளுக்கும். குறைவாக எக்ஸ்போஸ் செய்த படம் இதனால் தூக்கிவிடப்படுகிறது. ஆனால் அது வெளிச்சமே படாத கறுப்பிலும் கைவைக்கிறது. அதனால்தான் இரண்டு ஸ்டாப் புஷ் செய்த ஸ்லைடில் மேடையின் கறுப்பு, கறுப்பாக இல்லாமல் ஒரு பழுப்புச் சாம்பலாக நிற்கிறது. கான்ட்ராஸ்டும் ஏறுகிறது. மேடை வெளிச்சமே கான்ட்ராஸ்ட் மிகுந்தது, அதன் தலையில் இன்னும் கொஞ்சம்.

ஒரு ஸ்டாப் புஷ் என்றால் நான் யோசிப்பதே இல்லை. இ100ஐ 200இல் ஓட்டியதையும் 100இல் ஓட்டியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். இரண்டு ஸ்டாப் என்றால் வேறு வழியே இல்லையா என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். வழி பெரும்பாலும் லென்ஸில் இருக்கும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது. எஃப் 2.8 ஜூமைக் கழற்றிவிட்டு 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மாட்டி எஃப் 2இல் வைத்தால் ஒரு ஸ்டாப் அங்கேயே கிடைத்துவிடும். அதற்கு விலை ஃபோகஸ். 85 லென்ஸ் எஃப் 2இல் எட்டு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும். ஒருவர் ஆடினால் சமாளிக்கலாம். 180 லென்ஸ் எஃப் 2.8இல் பத்து மீட்டரில் அரை மீட்டர்தான். நீட்டிய கை தெளிவாகவும் முகம் மங்கலாகவும் வந்த படங்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

புஷ் என்பது ரோல் முழுவதற்கும்தான். பாதி ரோலை 100இலும் மீதியை 400இலும் எடுக்க முடியாது. இதை எல்லோரும் படித்திருப்பார்கள். படித்த பிறகும் நான் ஒருமுறை செய்த காரியம் இது: ஒரே ஃபிலிமில் இரண்டு ரோல், ஒன்றைச் சொன்ன வேகத்தில் எடுத்தேன், மற்றொன்றை ஒரு ஸ்டாப் வேகம் கூட்டி எடுத்தேன். இடைவேளையில் இரண்டையும் ஒரே பைக்குள் போட்டேன். மறுநாள் லேப் கவுண்டரில் நின்றபோது கையில் இரட்டைப் பிள்ளைகள்போல இரண்டு கேசட். எது எது என்று தெரியவில்லை. தேய்ந்த மாதிரி இருந்த கேசட்தான் முதல் ரோல் என்று ஏதோ ஒரு தைரியத்தில் சொன்னேன். மாறிப்போய்விட்டது. ஒரு ரோல் முழுக்க வெளுப்பு, இன்னொரு ரோல் முழுக்க இருட்டு. அன்றிலிருந்து ரோலைக் கேமராவிலிருந்து எடுத்ததும், வேறெதையும் தொடுவதற்கு முன், அழியாத மார்க்கரால் கேசட் மேலேயே எழுதிவிடுகிறேன்: +1, +2. டப்பா மூடியில் எழுதினால் போதாது. மூடிகள் இடம் மாறும்.

நம்பிக்கையான லேப் இருந்தால் கிளிப் டெஸ்ட் கேளுங்கள். ரோலின் தலைப்பக்கத்தில் ஐந்தாறு படங்களை இருட்டறையில் வெட்டி முதலில் டெவலப் செய்து காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, மீதியை மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அரை ஸ்டாப் குறையுங்கள் என்று சொல்லலாம். ஸ்லைடில் நமக்குக் கிடைக்கும் ஒரே மறுவாய்ப்பு இது. இருட்டில் தடவி வெட்டுவதால் கத்திரி ஏதாவது ஒரு படத்தின் நடுவே விழும். ஆகவே முதல் ஐந்தாறு ஃபிரேம்களை முக்கியமில்லாத, ஆனால் நிகழ்ச்சி முழுவதும் வரப்போகும் வெளிச்சத்தில் எடுத்து வீணாக்குங்கள். திரைக்கே ஐந்து படம் எடுத்தால் டெஸ்டில் திரையைத்தான் பார்ப்பீர்கள்.

அளப்பது

முடிந்தால் ஒத்திகைக்குப் போங்கள். விளக்கு வைத்து நடக்கும் கடைசி ஒத்திகை. நிகழ்ச்சியைவிட அங்கே அதிகம் கற்றுக்கொள்ளலாம். லைட்டிங் பார்ப்பவரிடம் நட்பாகப் பேசி, இரண்டு நிமிடம் மேடை ஏறி, ஆள் நிற்கும் இடத்தில் முக உயரத்தில் கை மீட்டரைப் பிடித்து, வெள்ளைக் குமிழைப் பார்வையாளர் பக்கம் திருப்பி அளந்துகொள்ளுங்கள். விழும் வெளிச்சத்தை அளக்கும்போது திரை கறுப்பா, உடை வெள்ளையா என்ற பேச்சே வராது. மீட்டர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நடுவில், இடது ஓரத்தில், வலது ஓரத்தில், பின்னால் என்று நான்கு அளவு எடுத்தால் மேடையின் வரைபடமே கைக்கு வந்துவிடும். நடுவிலிருந்து இரண்டடி எடுத்து வைத்தாலே ஒரு ஸ்டாப் விழுந்துவிடும் மேடைகள் உண்டு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

மேடை ஏற விடவில்லையா? சரி, இருக்கையிலிருந்து, சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர். ஒரு டிகிரி ஸ்பாட் மீட்டர் பத்து மீட்டர் தூரத்தில் சுமார் 17 சென்டிமீட்டர் வட்டத்தை அளக்கும். ஒரு முகம் சரியாக அடங்கும். இருபது மீட்டருக்குப் போனால் வட்டம் 35 சென்டிமீட்டர் ஆகி, முகத்தோடு திரையும் உள்ளே வந்துவிடும். ஆகவே பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டு ஸ்பாட் மீட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். 1983இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-4இல் ஸ்பாட் மீட்டர் கேமராவுக்குள்ளேயே இருக்கும், எட்டு இடங்களை அளந்து சராசரி போடும். டெலி லென்ஸை மாட்டினால் அந்த ஸ்பாட்டும் சுருங்கும் என்பது மேடைக்காரர்களுக்குப் பெரிய வசதி.

ஸ்பாட் மீட்டர் எதைப் பார்த்தாலும் 18 சதவீதச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டுதான் பேசும். மாநிறத் தோல் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது, அப்படியே விடலாம். வெளுத்த தோல், அல்லது முகத்தில் கனமான வெளிர் ஒப்பனை என்றால் அரை முதல் ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுக்க வேண்டும். நல்ல கறுப்பு என்றால் அரை முதல் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். வெள்ளை உடையை அளந்தால் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். இரண்டுக்கு மேல் போனால் நெசவு போய்விடும். இதிலெல்லாம் குழப்பம் என்றால் ஒத்திகையில் உங்கள் உள்ளங்கையை அதே விளக்கில் நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். மனிதர்கள் எந்த நிறமானாலும் உள்ளங்கைகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை.

கேமராவில் நடுப்பகுதியை மட்டும் முக்கியமாக எடுத்துக்கொள்ளும் சாதாரண மீட்டர்தானா? அதிலும் காலம் தள்ளலாம், நான் பத்து வருடத்துக்கு மேல் தள்ளினேன். கறுப்புத் திரைக்கு முன்னால் ஆள் சின்னதாக நின்றால், மீட்டர் சொல்வதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைப்பேன். ஆள் ஃபிரேமில் பாதி என்றால் ஒரு ஸ்டாப். முகம் ஃபிரேமை அடைத்தால் ஒன்றும் குறைப்பதில்லை. ஆட்டோவில் விடவே கூடாது. ஒருவர் மேடையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நடந்தால் ஆட்டோ ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு எக்ஸ்போஷர் கொடுக்கும். விளக்கு மாறியிருக்காது, திரையின் பங்குதான் மாறியிருக்கும். மேனுவலில் போட்டு, விளக்கு மாறும்போது மட்டும் கையை வையுங்கள்.

என் நோட்டிலிருந்து சில எண்களைத் தருகிறேன். ஐஎஸ்ஓ 400க்கு. இவை ஆரம்பப் புள்ளிகள். உங்கள் மேடையை நீங்கள்தான் அளக்க வேண்டும். எல்லா விளக்கும் எரியும் நடனக் காட்சிக்கு எஃப் 2.8, 1/125. சாதாரண நாடகக் காட்சிக்கு எஃப் 2.8, 1/60. இரண்டு பேர் மட்டும் மங்கலில் பேசிக்கொள்ளும் காட்சி என்றால் எஃப் 2, 1/60, சில சமயம் 1/30கூட. ஃபாலோ ஸ்பாட்டில் நிற்கும் பாடகருக்கு எஃப் 2.8, 1/250. கடைசி எண்ணைப் பாருங்கள், வெளிச்சம் சாதாரணக் காட்சியைவிட இரண்டு ஸ்டாப் அதிகம். ஸ்பாட் விழுந்த மறுநொடி எக்ஸ்போஷரை மாற்றத் தவறினால் என் முதல் ரோல் கதைதான்.

ஒத்திகையில் இந்த எண்களைக் காட்சி வாரியாக ஒரு துண்டு அட்டையில் எழுதிக்கொள்கிறேன். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், இருட்டில் படிக்க வேண்டுமே. நிகழ்ச்சியன்று மீட்டரைவிட இந்த அட்டையைத்தான் அதிகம் பார்ப்பேன்.

பிராக்கெட் (ஒரே காட்சியை வேறு வேறு எக்ஸ்போஷரில் எடுப்பது) செய்யலாமா என்றால், அசையாமல் நிற்கும் இடங்களில் செய்யலாம். எடுத்த அளவு, அதிலிருந்து அரை ஸ்டாப் குறைவாக இன்னொன்று. கூட்டிப் பிராக்கெட் செய்வதில்லை. குறைந்த படம் புரொஜெக்டரில் நிறம் அழுத்தமாக நிற்கும். குதிக்கிற ஆளை எடுக்கும்போது பிராக்கெட் செய்தால், எக்ஸ்போஷர் சரியாக வந்த படத்தில் அவர் தரையில் இருப்பார்.

எடுக்கும்போது

1/60இல் நடனத்தை எடுக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும். எந்த அசைவுக்குள்ளும் ஒரு நிற்றல் இருக்கிறது. குதித்தவர் மேலே போய் கீழே இறங்கத் தொடங்குவதற்கு முன் ஒரு கணம் நிற்கிறார். சுழல்பவர் சுழற்சியை முடித்து மூச்சு வாங்கும் கணம் நிற்கிறார். ஒத்திகையில் இரண்டு முறை பார்த்தால் அந்த இடங்கள் மனப்பாடம் ஆகிவிடும். கண்ணால் அந்தக் கணத்தைப் பார்த்துவிட்டு அமுக்கினால் தாமதம். வரப்போகிறது என்று தெரிந்து அமுக்க வேண்டும். விரலும் துணி நுனியும் கொஞ்சம் கலங்கினால் கலங்கட்டும், கண் நின்றால் போதும்.

டெலி லென்ஸுக்கு மோனோபாட் வேண்டும். டிரைபாட் பக்கத்து இருக்கைக்காரரின் காலில் இடறும். ஃபிளாஷைப் பையிலேயே விட்டுவிடுங்கள், அது பத்து மீட்டருக்கு எட்டுவதும் இல்லை, லைட்டிங்காரர் ஒரு வாரம் பாடுபட்டு வைத்த நிழலையெல்லாம் அழித்துவிடும், ஆடுபவரின் கண்ணிலும் அடிக்கும். எஸ்எல்ஆர் கண்ணாடி தட்டும் சத்தம் அமைதியான காட்சியில் கடைசி வரிசைவரை கேட்கும். இசை ஏறும்போது அமுக்குவதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

இடைவேளையில் ரோலில் ஆறேழு படம் மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுகிறேன். உச்சக் காட்சி நடக்கும்போது 36 முடிந்துபோய் இருட்டில் ஃபிலிம் நுனியைத் தேடிய அனுபவம் ஒன்று போதும். இரண்டு கேமரா இருந்தால் ஒன்றில் ஹாலஜன் காட்சிக்கு 82சி ஃபில்டரோடும், இன்னொன்றில் ஃபாலோ ஸ்பாட்டுக்கு ஃபில்டர் இல்லாமலும் வைத்துக்கொள்ளலாம். அப்போது இரண்டின் எண்ணும் வேறு என்பதை மறக்கக் கூடாது. கேமராவின் தலையில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதில் எழுதிவைக்கிறேன்.

இன்னொன்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஃபிலிமை அப்போதே பிரிக்காதீர்கள், டப்பாவோடு ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே வைத்திருங்கள். உடனே பிரித்தால் ஈரம் படியும்.

திரும்பி வந்த பிறகு

ரோல் வந்ததும் அட்டையையும் ஸ்லைடுகளையும் பக்கத்தில் வைத்து உட்காருங்கள். லூப்பில் முதலில் கன்னத்தைப் பாருங்கள். வெளிச்சம் விழும் பக்கத்துக் கன்னத்தில் தோலின் நிறம் இன்னும் இருக்கிறதா, அல்லது வெள்ளைக்குப் போய்விட்டதா? அதற்கப்புறம் தலைமுடி திரையிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். கன்னம் சரியாக இருந்து முடி திரையோடு ஒட்டிப்போயிருந்தால் உங்கள் எக்ஸ்போஷரில் தப்பில்லை. பின்னாலிருந்து அடிக்கும் விளக்கு இல்லாத காட்சி அது. அடுத்த முறை அந்தக் காட்சியில் சற்றுப் பக்கவாட்டில் போய் நிற்கலாம்.

மவுண்ட் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறேன்: ஃபிலிம், புஷ், காட்சி, அளவு. வெளுத்துப்போனவற்றையும் எல்லாம் தூக்கி எறிவதில்லை, ஒன்றிரண்டை வைத்துக்கொள்கிறேன். அந்த முதல் ரோலின் பதினோராவது ஸ்லைடு இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மவுண்டில் "மீட்டர் சொன்னது: எஃப் 2.8, 1/15. இருந்திருக்க வேண்டியது: 1/60" என்று பிற்பாடு எழுதினேன்.